தியானத்தில் உட்கார்ந்தால் கால் மரக்கிறது, மூக்கு அரிக்கிறது, உடம்பு ஆடுகிறது: என்ன செய்வது?

கண்ணை மூடி உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அதுவரை இல்லவே இல்லாத ஓர் அரிப்பு மூக்கோரத்தில் முளைக்கும். அதைச் சமாளிப்பதற்குள் வலது முட்டி முனக ஆரம்பிக்கும், தோள்பட்டை இரண்டுக்கும் நடுவே எரியும், எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், உடம்பு இடப்பக்கம் சாய்ந்துவிட்டது போலத் தோன்றும். கண்ணைத் திறந்து பார்த்தால் நேராகத்தான் உட்கார்ந்திருப்போம்.

புதிதாக உட்காருகிறவர்கள் இதைப் பற்றிக் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள். ஒன்று, "எனக்கு ஏதாவது கோளாறா?" இன்னொன்று, கொஞ்சம் தயங்கி, "இது ஏதாவது பெரிய அனுபவமா?" நான் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். நரம்புத் தளர்ச்சி என்றோ குண்டலினி என்றோ பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அந்தப் பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம், உடம்பில் நடப்பதைப் பார்க்க மாட்டோம். முதலில் அது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, நின்ற இடத்தில் நிற்கிறதா நகர்கிறதா என்று பாருங்கள். அநேகமாகக் காரணம் ரொம்பச் சாதாரணமாக இருக்கும். உட்கார்ந்த விதம், மூச்சு விடும் விதம், தூக்கம், இல்லாவிட்டால் வெறுமனே கவனம் அந்தப் பக்கம் போனது.

கவனம் போனாலே உணர்வு வரும்

நம்பிக்கை இல்லையென்றால் இப்போதே செய்து பாருங்கள். கையை மடியில் சும்மா வையுங்கள். வலது கையின் விரல் நுனிகளை மட்டும், பார்க்காமல், பதினைந்து இருபது விநாடி உள்ளிருந்து கவனியுங்கள். குறுகுறு என்று ஏதோ ஓடும், அல்லது லேசான சூடு, அல்லது மெல்லிய துடிப்பு. விரலுக்குப் புதிதாக எதுவும் நடக்கவில்லை. தோலிலிருந்து செய்தி எப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறது, மூளை அதில் பெரும்பாதியைத் தேவையில்லை என்று தள்ளிவிடுகிறது. வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்து கதவைத் திறந்துவிட்டால் தள்ளிவைத்ததெல்லாம் உள்ளே வரும்.

விரல், உள்ளங்கை, உதடு ஆகிய இடங்களில்தான் இது முதலில் தெரியும். அதற்கும் காரணம் இருக்கிறது. கூரான இரண்டு முனைகளை விரல் நுனியில் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தாலே இரண்டு என்று தெரிந்துவிடும். முதுகில் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால்தான் தெரியும். 1930-களில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற மூளை அறுவை நிபுணர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மின்முனையால் தொட்டு, எந்த இடம் உடம்பின் எந்தப் பகுதிக்கு என்று வரைபடம் போட்டார். அதில் கைக்கும் உதட்டுக்கும் முகத்துக்கும் ஒதுக்கிய இடம் பெரிது, முதுகுக்கும் வயிற்றுக்கும் சொற்பம். ஆகவே "உள்ளங்கையில் ஏதோ சக்தி பாய்கிறது" என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. அங்கே உணர்வு நிஜமாகவே வருகிறது. அது சக்தியா என்பதுதான் அவசர முடிவு.

காதிலும் இதே கதைதான். 1953-இல் செவித்திறனில் குறையில்லாத 80 பேரைச் சத்தமே புகாத அறைக்குள் உட்காரவைத்தார்கள். 94 சதவீதம் பேர் ரீங்காரம், இரைச்சல் என்று ஏதோ ஒன்றைக் கேட்டதாகச் சொன்னார்கள். வெளிச் சத்தம் ஓய்ந்தால் உள்ளே இருப்பது கேட்கும். உடம்பை அசைக்காமல் வைத்தாலும் அப்படித்தான்.

முதலில் முட்டியைக் காப்பாற்றுங்கள்

வலியைக் கவனிப்பது பற்றிப் பேசுவதற்கு முன்னால், தேவையில்லாத வலியை ஒழித்துவிடலாம். கவனிக்க வேண்டியது வேறு நிறைய இருக்கிறது, உட்காரத் தெரியாததால் வரும் வலியை எதற்காகச் சேர்த்துச் சுமக்க வேண்டும்?

முட்டி அடிப்படையில் ஒரு கீல். மடங்கும், நீளும், திருகுவதற்கு அதில் அதிகம் இடம் கிடையாது. எல்லாப் பக்கமும் சுழலக்கூடியது இடுப்பு மூட்டு. சம்மணம் போடும்போது தொடை இடுப்பிலிருந்து வெளிப்பக்கம் சுழல வேண்டும். நாற்காலியிலேயே வாழ்கிறவர்களுக்கு இடுப்பு இறுகிக் கிடக்கும், சுழலாது. அந்தச் சமயத்தில் பாதத்தைப் பிடித்துத் தொடைமேல் இழுத்து வைத்தால், இடுப்பு தராத திருப்பத்தை முட்டியிடமிருந்து பிடுங்குகிறோம் என்று அர்த்தம். உட்காரும்போது முட்டியின் உள்பக்கம் கூர்மையாக வலித்தால் பத்மாசனத்தை மறந்துவிடுங்கள். சாதாரணச் சம்மணம் போதும். அதுவும் முடியாவிட்டால் இரண்டு பாதத்தையும் தரையில் பதித்து நாற்காலியில் உட்காருங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் தியானம் மட்டமாகிவிடும் என்று நினைப்பது வீண் கௌரவம். அந்தக் கௌரவத்தில் நானே சில மாதங்களை வீணடித்திருக்கிறேன்.

தரையில் உட்காருவதாக இருந்தால் பிட்டத்துக்குக் கீழே மெத்தென்று இல்லாமல் கொஞ்சம் கெட்டியாக எதையாவது மடித்துப் போட்டு, முட்டிகள் இடுப்பை விடத் தாழ்ந்து இருக்கும் வரை உயரத்தைக் கூட்டுங்கள். முட்டி மேலே தூக்கிக்கொண்டு நின்றால் இடுப்பெலும்பு பின்பக்கம் சரியும், முதுகு வளையும், கழுத்து முன்னால் நீளும், அரை மணி நேரத்தில் தோள்பட்டைக்கு நடுவே தீப்பிடித்த மாதிரி எரியும். பலர் எரிகிற இடத்தில் தைலம் தேய்ப்பார்கள். மாற்ற வேண்டியது இரண்டு அங்குல உயரம். தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும் முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். இவ்வளவு செய்தாலே வலிகளில் பாதி காணாமல் போய்விடும்.

"வலிக்கிறது" என்பது போதாது

வலிக்குத் தமிழில் இருக்கிற சொற்களை நாம் தியானத்தில் பயன்படுத்துவதே இல்லை. எல்லாவற்றையும் "வலி" என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இழுப்பு, விண்விண், சுளீர், திகுதிகு. ஒவ்வொன்றும் வேறு. உட்கார்ந்திருக்கும்போது இதில் எது என்று கேட்டுப் பாருங்கள், அடுத்து என்ன செய்வது என்ற கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே வந்துவிடும்.

ஒரே நிலையில் தசை இறுகிக் கிடந்தால் வருவது கடுப்பும் உளைச்சலும். மெல்ல ஏறும், அகலமாகப் பரவும், இறங்கும், திரும்ப ஏறும். அசைந்தவுடன் போய்விடும். இதோடு உட்காரலாம். சுளீர் என்று மின்னல் மாதிரி ஒரு கோட்டில் ஓடுவதும், மூட்டுக்குள் ஊசி ஏற்றுவது போன்ற குத்தலும் வேறு ரகம். அது நரம்பு அல்லது மூட்டு சொல்கிற செய்தி. அதைப் "பார்த்துக்கொண்டே" இருக்கக் கூடாது, காலை மாற்ற வேண்டும். எழுந்து நடந்த பிறகும் ஒரு வலி விடாமல் இருந்தால், மறுநாள் படி ஏறும்போது முட்டி நினைவூட்டினால், அந்த உட்காரும் முறை உங்களுக்கு ஒத்துவரவில்லை. மனவலிமை குறைவு என்று அதற்கு அர்த்தம் இல்லை.

சில மரபுகளில் ஒரு மணி நேரம் அசைவதில்லை என்று உறுதி எடுத்து உட்காருவார்கள், அதிட்டானம் என்பார்கள். பழகியவர்களுக்கு அது நல்ல பயிற்சி. ஆனால் எந்த வலியோடு அசையாமல் இருக்கலாம், எதோடு கூடாது என்று பிரிக்கத் தெரிந்த பிறகுதான் அதில் இறங்க வேண்டும்.

சரி, உட்காரக்கூடிய வலி என்று தெரிந்துவிட்டது. அப்புறம் என்ன? அதற்குள் ஒரேயடியாகக் குதிக்காதீர்கள். முதலில் வலியின் ஓரத்தைத் தேடுங்கள், எங்கே வலி முடிந்து வலிக்காத இடம் தொடங்குகிறது என்று. தேடினால் ஓரம் சரியாகக் கிடைக்காது. முட்டி முழுக்க வலிப்பதாக நினைத்தது ஒரு நெல்லிக்காய் அளவுக்கு ஓரிடத்தில் கனமாகவும், சுற்றி மங்கலாகவும் இருக்கும். நடுவில் இருப்பதும் ஒரே பொருளாக இருக்காது. கொஞ்சம் சூடு, கொஞ்சம் அழுத்தம், கொஞ்சம் துடிப்பு. அதோடு கூடவே தாடை இறுகியிருப்பதும் மூச்சைப் பிடித்து வைத்திருப்பதும் தெரியவரும். தாடையைத் தளர்த்துங்கள், மூச்சை விடுங்கள். வலி அப்படியே இருக்கும், ஆனால் வலியோடு நாம் போட்டுக்கொண்டிருந்த சண்டை குறையும். "இன்னும் எத்தனை நிமிடம்?" என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும் பாருங்கள், வேதனையில் பெரும்பங்கு அதனுடையது.

இது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தியானமே அறியாத 15 பேருக்கு நான்கு நாள், நாளுக்கு 20 நிமிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கொடுத்து, கெண்டைக்காலில் 49 டிகிரி சூட்டை வைத்தார்கள். தியானம் செய்யும்போது வலியின் அளவை அவர்கள் சுமார் 40 சதவீதம் குறைத்துச் சொன்னார்கள். அது எவ்வளவு தொல்லையாக இருந்தது என்பதை 57 சதவீதம் குறைத்து. சின்ன ஆய்வுதான். ஆனால் வலி ஒன்று, வலி தரும் தொல்லை இன்னொன்று, இரண்டாவது அதிகம் இறங்குகிறது என்பது உட்கார்ந்து பார்த்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

மூக்கோரத்து அரிப்பு

அரிப்பை நான் தியானத்தின் மிகச் சிறந்த வாத்தியார் என்பேன், முட்டிவலியை விட. அதில் ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் அவசரம் மட்டும் உயிர் போகிற மாதிரி இருக்கும்.

ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன். இடது நாசியின் வெளி ஓரத்தில், ஒரு முடி தொட்ட மாதிரி தொடங்கியது. மூச்சு வெளியே போகும்போது கூடியது, உள்ளே வரும்போது குறைந்தது. சொறியக் கூடாது என்று முடிவு செய்த நொடியில் இரண்டு மடங்கானது. கை மடியிலேயே இருந்தது, ஆனால் வலது ஆள்காட்டி விரலின் தசை இறுகியிருந்தது, கிளம்பத் தயாராக நிற்கிற ஆள் மாதிரி. மேலுதடு தானாக ஒரு பக்கம் சுளித்தது. அதுவரை ஒரு புள்ளியாக இருந்தது இப்போது ஒரு கோடாகி உதட்டை நோக்கி இறங்கியது. நடுவில் சூடாக, ஓரத்தில் குளிர்ந்த மாதிரி. எறும்பு ஏதாவது ஊர்கிறதோ என்று ஒரு நினைப்பு, அப்படியே இருந்தாலும் என்ன என்று இன்னொரு நினைப்பு, இரண்டுக்கும் நடுவில் அரிப்பை மறந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அது இல்லை. எப்போது போனது என்று தெரியவில்லை. ஏழெட்டு மூச்சு நேரம் இருக்கும். வலது புருவத்தில் புதிதாக ஒன்று தொடங்கியிருந்தது, அது வேறு கதை.

சொறிந்தால் என்ன நடக்கிறது என்றால், நகம் தரும் சின்ன வலி அரிப்பின் செய்தியைத் தற்காலிகமாக அமுக்குகிறது. சுகமாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் பக்கத்திலேயே மறுபடி வரும். சொறியாமல் விட்டால் பெரும்பாலான அரிப்பு உச்சிக்குப் போய்த் தானே இறங்கிவிடும். இதை ஒரே ஒரு முறை முழுசாகப் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் அரிப்பு வரும்போது பயம் வராது. தாங்கவே முடியவில்லை என்றால் சொறியுங்கள், குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் கை கிளம்புவதிலிருந்து திரும்பி மடியில் இறங்குவது வரை நிதானமாகக் கவனித்துக்கொண்டே சொறியுங்கள். காலை மாற்றுவதற்கும் இதுதான் விதி. தன்னையறியாமல் பத்து முறை நெளிவதை விட, தெரிந்தே ஒருமுறை மாற்றுவது மேல்.

கால் மரத்துப்போனால்

"ரத்த ஓட்டம் நின்றுவிட்டது" என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. அழுத்தப்படுவது நரம்பு. முட்டிக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் தொட்டுப் பார்த்தால் ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். அதைச் சுற்றி தோலுக்குக் கொஞ்சம் அடியிலேயே ஒரு நரம்பு போகிறது. பாதத்தைத் தூக்குகிற தசைகளுக்கு அதுதான் கம்பி. சம்மணத்தில் அந்த இடம் தரையிலோ இன்னொரு காலிலோ அழுந்தினால் பாதம் மரக்கும். இருக்கையின் விளிம்பு தொடையின் பின்பக்கத்தில் அழுத்தினாலும் இதே கதி. அழுத்தம் நரம்பையும் அதற்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய நாளங்களையும் சேர்த்து நசுக்க, செய்தி தடைப்படுகிறது. காலை நீட்டியதும் நரம்பு விழித்துக்கொண்டு தாறுமாறாகச் செய்தி அனுப்பும், அதுதான் அந்த ஊசி ஊசியாகக் குத்துவது.

உட்கார்ந்திருக்கும்போது மரத்தால், தொடையில் அழுந்தாதபடி இருக்கையின் முன் விளிம்பை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், கால்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் முன்னும் பின்னுமாகத் தரையில் வையுங்கள், நாளுக்கு நாள் எந்தக் கால் உள்ளே என்பதை மாற்றுங்கள். நீட்டிய பிறகு ஐந்து பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டால் கவலை இல்லை. நெடுநேரம் சரியாகவில்லை, அல்லது பாதத்தை மேலே தூக்க முடியவில்லை என்றால் அந்த நிலையில் உட்காருவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயால் காலில் ஏற்கெனவே உணர்ச்சி குறைந்தவர்கள் உடம்பின் எச்சரிக்கையை நம்பி இருக்க முடியாது. நாற்காலிதான் உத்தமம்.

துள்ளல், ஆட்டம், எச்சில், வயிற்றுச் சத்தம்

திடீரென்று உடம்பு தூக்கிப்போட்டால், அதற்கு முந்தின நொடி மனதில் என்ன ஓடியது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சம்பந்தமில்லாத ஏதோ ஒரு காட்சி, யாரோ பேசின அரைகுறை வாக்கியம் என்றால், நீங்கள் தூங்கப் போய்விட்டீர்கள். தூக்கத்தின் வாசலில் வரும் சாதாரணத் துள்ளல் அது. கண்ணைப் பாதி திறந்து வையுங்கள், முதுகை நிமிர்த்துங்கள், முந்தின இரவு ஒழுங்காகத் தூங்கினீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணிமையோ கெண்டைக்காலில் ஒரு சின்னத் தசையோ துடிப்பதும் களைப்பில் வருவதுதான், அதைத் துரத்த வேண்டாம்.

மெல்லிய முன்பின் ஆட்டம் இதயத்துடிப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் மேலே பாய, உடம்பு அதற்கு எதிராகச் சிறிது அசைகிறது. எப்போதும் நடப்பது, அமைதியாக இருக்கும்போதுதான் தெரிகிறது. ஆட்டம் பெரிதாகி ஊஞ்சல் மாதிரி ஆனால், அநேகமாக அந்தச் சுகத்துக்காக உடம்பை நாமே கொஞ்சம் தள்ளிவிடுகிறோம். நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். முடியும்.

எச்சில் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது, நாள் முழுக்கத் தெரியாமலேயே விழுங்கிக்கொண்டிருக்கிறோம். தியானத்தில் "விழுங்கக் கூடாது" என்று நினைத்தால் தொலைந்தோம். விழுங்கிவிடுங்கள். முகவாயைச் சற்றே உள்ளிழுத்து, நாக்கு நுனியை மேல்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் ஒட்டி வைத்தால் எனக்கு நச்சரிப்பு குறைகிறது. வயிறு கடமுடா என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குடலைத் துடைத்துக்கொண்டு ஓர் அலை போகும், பதற்றம் தணிந்தால் செரிமானமும் சுறுசுறுப்பாகும். கொட்டாவியும் கண்ணில் நீர் வடிவதும்கூட இப்படித்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நெற்றி அழுத்தமும் உதட்டுக் குறுகுறுப்பும்

புருவ மத்தியில் அழுத்தம் வந்தால் உடனே மூன்றாவது கண் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். முதலில் இரண்டு கண்களைப் பாருங்கள். மூடிய இமைகளுக்குள் கண்விழிகள் மூக்கை நோக்கிக் குவிந்து, மூச்சைப் "பார்க்க" முயன்றுகொண்டிருக்கும். கூடவே நெற்றித் தசை சுருங்கியிருக்கும். கவனிப்பது என்றால் உற்றுப்பார்ப்பது என்று உடம்புக்கு ஒரு பழக்கம். விழிகளைத் தளர்த்தி, தூரத்தில் எதையோ சும்மா பார்ப்பது போல விட்டு, கவனத்தை வயிற்றுக்கோ உள்ளங்கைக்கோ இறக்குங்கள். அழுத்தம் கரைந்தால் அது முயற்சியின் அழுத்தம். தினமும் தலைவலியோடு எழுகிறவர்கள் இதை மட்டும் ஒரு வாரம் செய்து பாருங்கள்.

உதட்டைச் சுற்றியும் விரல்களிலும் சுறுசுறு என்று ஊர்ந்து, தலை லேசாகக் கிறுகிறுத்தால் மூச்சைச் சந்தேகியுங்கள். கவனிக்கிறோம் என்ற பெயரில் தேவைக்கு அதிகமாக ஆழமாக இழுத்துக்கொண்டிருப்பீர்கள். அப்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து இந்தக் குறுகுறுப்பு வரும். மூச்சைத் தன் போக்கில் விட்டால் சில நிமிடத்தில் அடங்கும்.

கை காணாமல் போவது, சுகமான அலைகள்

இருபது நிமிடம் ஆடாமல் உட்கார்ந்த பிறகு கைகள் எங்கே என்று தெரியாமல் போகலாம். ஒரு கை தலையணை அளவுக்கு உப்பிவிட்டது போல இருக்கலாம், உடம்பே மிதப்பது போல இருக்கலாம். உறுப்பு எங்கே இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவது பெரும்பாலும் மாற்றத்தால்தான். அசைவே இல்லாதபோது அந்தச் செய்தி மெலிந்து, மூளை குத்துமதிப்பாக ஏதோ வரைகிறது. பயமாக இருந்தால் ஒரு விரலை அசையுங்கள், கை உடனே தன் அளவுக்குத் திரும்பிவிடும். பயமில்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம்.

புல்லரிப்பு, முதுகில் ஏறும் சிலிர்ப்பு, உடம்பெல்லாம் பரவும் இதமான அலை, இவையும் வரும். பௌத்த மரபில் இதற்குப் பீதி என்று பெயர். நம்முடைய பயம் இல்லை, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அது மகிழ்ச்சி. ஐந்தாம் நூற்றாண்டின் விசுத்திமார்க்கம் என்ற பௌத்த நூல் இதை ஐந்து வகையாகப் பிரிக்கிறது: மயிர் சிலிர்க்கும் அளவுக்குச் சிறியது, மின்னல் போல வந்து போவது, கரையில் மோதும் அலை போன்றது, உடம்பைத் தூக்குவது போன்றது, எங்கும் நிறைவது. ஆக, உங்களுக்கு வந்தது புதிதும் இல்லை, கோளாறும் இல்லை. தொல்லை அடுத்த நாள்தான். நேற்று வந்தது இன்று ஏன் வரவில்லை என்று தேடிக்கொண்டே முக்கால் மணி நேரம் போய்விடும். முட்டிவலியால் தியானத்தை விட்டவர்களை விட, ஒருமுறை வந்த சுகத்தைத் துரத்திச் சலித்து விட்டவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பாலியிலிருந்து இன்னொரு சொல்லையும் சொல்லலாம். நமக்கு வேதனை என்றால் துன்பம் மட்டும். அங்கே வேதனா என்பது எல்லா உணர்வுக்கும் பொது: இன்பமானது, துன்பமானது, இரண்டும் இல்லாதது. மூன்றாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. இடது காதுமடல், முழங்கை, தொடையின் பின்பக்கம். வலியோ சுகமோ பெரிதாகி உங்களை இழுத்துக்கொண்டு போகும்போது, சும்மா கிடக்கும் இந்த இடங்களில் ஒன்றுக்குப் போய்ச் சில மூச்சு இருந்துவிட்டு வாருங்கள். நல்ல புகலிடம்.

எதற்கு நிறுத்த வேண்டும்

நெஞ்சில் பாரம் ஏறிக் கைக்கோ தாடைக்கோ பரவினால், முகமோ கையோ ஒரு பக்கம் தளர்ந்தால், மயக்கம் வந்தால், அது தியானத்தில் கவனிக்க வேண்டிய உணர்வு இல்லை. உடனே உதவி கூப்பிடுங்கள். அது தவிர, உட்காரும்போதெல்லாம் மூச்சு முட்டிப் படபடத்தால், பழைய பயங்கரம் ஒன்று உடம்போடு திரும்ப வந்தால், எழுந்த பிறகும் உடம்பு தன்னுடையது இல்லை போன்ற உணர்வு நாள்கணக்கில் நீடித்தால், தூக்கமே வராமல் போனால், சில நாள் உட்காருவதை நிறுத்துங்கள். "தாண்டிப் போ" என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். கண்ணைத் திறந்து நடங்கள், பாதம் தரையைத் தொடுவதைக் கவனியுங்கள், விஷயம் தெரிந்த ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ பேசுங்கள்.

எழுந்திருக்கும் முறை

இதை யாரும் சொல்லித்தருவதில்லை. ஒரு பத்து நாள் முகாமில் நான் மணி அடித்த கையோடு மிடுக்காக எழுந்தேன். இடது பாதம் இருக்கிற இடமே தெரியவில்லை, மடங்கிக்கொண்டது, பக்கத்தில் இன்னும் கண் மூடி உட்கார்ந்திருந்தவரின் மடியில் போய் விழுந்தேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். நான் அன்று அடைந்ததை விட அவர் நிறைய அடைந்திருக்க வேண்டும்.

ஆகவே மணி அடித்ததும் கண்ணை மட்டும் திறங்கள். விரல்களை அசையுங்கள். கைகளால் முட்டியைப் பிடித்து ஒவ்வொரு காலாக நீட்டுங்கள், மரத்த காலை அடிக்கவோ தேய்க்கவோ வேண்டாம், கணுக்காலை மெல்லச் சுழற்றினால் போதும். குத்தல் தொடங்கி, உச்சிக்குப் போய், அடங்குவதையும் முழுசாகப் பாருங்கள், இன்றைய தியானத்தில் மிகத் தெளிவான உணர்வு அதுவாகவே இருக்கலாம். பாதத்தை மேலும் கீழும் ஆட்ட முடிகிறதா என்று பார்த்துவிட்டு, முதலில் மண்டியிட்டு, அப்புறம் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நின்ற இடத்திலேயே பத்து விநாடி நின்றுவிட்டு முதல் அடியை எடுத்து வையுங்கள்.